முதல் கோலை விட்டவள்

கருங்கல் பள்ளி மைதானத்தில்
சுண்ணாம்புக் கோடு போட்டு முடித்த ஏழாம் நிமிடம்
மழை.
லீக் தொடங்குவது ஆனி மாதத்துக்குத் தெரியாது.
தெரிந்திருந்தாலும் வந்திருக்கும்.

குளச்சல், தக்கலை, குலசேகரம், கருங்கல்.
ஐந்தாவதாகப் பூதப்பாண்டி வருவதாயிருந்தது.
அவர்களுடைய கோல்கீப்பரை ஹெல்மெட்டோடு
மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டார்கள்.

லாக்ரோஸ் என்பதை
அறிவிப்பாளர் மூன்று விதமாகச் சொன்னார்.
மூன்றும் தப்பு.
மூன்றுக்கும் கைதட்டு.

கம்பின் முனையில் ஒரு சின்ன வலை, அவ்வளவுதான்.
ஒன்பது மாதம் பேருந்தில் ஒரே கேள்வி:
"என்னட்டி, மீன் பிடிக்கவா?"
குளச்சல் சகாய ஷைலா ஒருநாள் சொன்னாள்,
"ஆமா அண்ணே, இது சாளைக்கு.
நெய்மீனுக்கு வேற கம்பு."

ஓடும்போது பந்து விழாமலிருக்க
மணிக்கட்டை ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும்.
நாகர்கோவில் நிருபர் அதைத்
தாலாட்டு என்று எழுதிக்கொண்டார்.
அடிக்கச் சொன்னேன்.
எனக்குப் பிள்ளை கிடையாது.
ஷைலாவுக்கு மூன்று,
ஒன்றையும் அவள் இந்த வேகத்தில் ஆட்டியதில்லை.
மணிக்கட்டு சார்.
மணிக்கட்டு என்றே எழுதுங்கள்.

எட்டு வருடம் அண்டி ஆபீசில் தோடு தல்லிய விரல்கள் என்னுடையவை.
எண்ணெய் பட்டு வெந்த கறுப்பு
சோப்புக்குப் போகாது.
கோல்கீப்பருக்குத்தான் பெரிய கையுறை என்றார்கள்.
அதனால் கோல்கீப்பர் ஆனேன்.
தைரியம் கியிரியம் எல்லாம் பிறகு வந்தது,
வந்த அளவுக்கு.

"விளையாடவா லீவு?" என்றார் சூப்பர்வைசர்.
"வேலைக்கு சார். இன்னொரு வேலைக்கு."
அங்கே கிலோவுக்குக் கூலி,
இங்கே ஆட்டத்துக்கு எழுநூற்றைம்பது.
மழையால் நின்றுபோனால் பாதி.

நடுவர் வானத்தைப் பார்த்தார்.
நாங்கள் நடுவரைப் பார்த்தோம்.

குலசேகரம் புஷ்பலீலா மட்டும்
வாயைத் திறந்து மழையைக் குடித்துக்கொண்டிருந்தாள்.
அவள் முந்நூற்றிருபது மரம் பால் வெட்டுகிறவள்.
மழையென்றால் வெட்டில்லை,
வெட்டில்லையென்றால் கூலியில்லை.
பிறந்த நாள் முதல் இன்றுதான்
மழை அவளுக்குக் காசு தரப்போகிறது.
பந்தை மோந்து பார்த்தாள். கட்டி ரப்பர்.
"நம்ம பாலுதாம்ட்டி" என்றாள்.
பெட்டியில் வேறு நாட்டின் பேர்.
"எங்கெல்லாம் போய்ட்டு வருது பாரு"
என்று மறுபடி மோந்தாள்.

கோடுகள் பாலாகி வடிகாலுக்குப் போயின.
யாரோ சொன்னார்கள்:
குடை வைத்திருப்பவர்கள் எல்லையில் நில்லுங்கள்.
நின்றார்கள்.
மீன்காரர், கொத்தனார், இரண்டு கன்னியாஸ்திரிகள்,
டியூஷன் முடிந்த பயல்கள், சூப்பர்வைசரும்.
குடைக்கு அந்தப் பக்கம் போனால் பந்து வெளியே.
தக்கலைப் பக்கம் ஒரு பூப்போட்ட குடை
ஆட்டம் சூடாகச் சூடாக
உள்ளே நகர்ந்துகொண்டே வந்தது.
விசில் ஊதி அதைப் பின்னால் அனுப்பினார்கள்.

ஆட்டம் தொடங்கி இரண்டு நிமிடம் ஐம்பது நொடி.
புஷ்பலீலா வருவதை
மைதானத்தில் எல்லோரையும்விட முதலில் பார்த்தவள் நான்.
பார்த்தும் என்ன?
பந்து தண்ணீரில் ஒருமுறை தவளைபோலத் தாவி
என் இடது முழங்காலுக்கும் கம்பத்துக்கும் நடுவே போனது.
பின்னாலிருந்த வலை ஈரமாக ஒரு சத்தம் போட்டது.
குடைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின.
ஒரு கணம் மைதானத்துக்கு எல்லையே இல்லை.

லீக்கின் முதல் கோல்:
புஷ்பலீலா, குலசேகரம்.
விட்டது: ரா. ஜெபக்கனி, கருங்கல்.
குறிப்பேட்டில் இரண்டு பேரும் ஒரே வரியில்.
ஒன்பதுக்கு ஆறு என்று தோற்றோம்.
பதினொன்றைத் தடுத்தேன்.
அதற்குக் குறிப்பேட்டில் கட்டமே இல்லை,
அடுத்த வாரம் போடச் சொல்லியிருக்கிறேன்.

ராத்திரி வவுச்சர்.
ஐயாயிரத்துக்குக் கீழே
ரெவின்யூ ஸ்டாம்பு வேண்டாம் என்றார் பொருளாளர்.
ஒட்டுங்கள் என்றேன்.
ஒரு ரூபாய் நான் தருகிறேன், ஒட்டுங்கள்.
நாக்கு தேவைப்படவில்லை,
விரலே நனைந்திருந்தது.

பேர். ஊர். தொழில்.
"ரெண்டு எழுதலாமா?"
"எடம் இருந்தா எழுது."
அண்டி ஆபீஸ் என்று எழுதியதிலேயே இடம் தீர்ந்தது.
மற்றதைக் கோட்டுக்கு வெளியே எழுதினேன்.
அங்கே யாரும் குடை பிடித்திருக்கவில்லை.